தெற்குக் கோபுரத்தின் இடஞ்சுழிப் படிக்கட்டு

ஜூன் 5, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மார்ச்சில் கேம் வெளிவந்த நாளிலிருந்து மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

எங்கள் பெருங்குடி அலுவலகம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கேம்களுக்குக் கட்டடங்கள் செய்து கொடுக்கிறது. கதை, நாயகன், சண்டை எல்லாம் அவர்களுடையது. சுவர், கூரை, கிணறு, கதவுத் தாழ்ப்பாள் எங்களுடையது. இந்த கேம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிரியக் கடற்கரையில் நடக்கிறது. நாயகன் ஒரு திருடன். கைதியாக இருக்கும் தன் தங்கையை மீட்க அவன் கடைசியில் நுழையும் மோன் ஒரேல் கோட்டையை நாங்கள் செய்தோம். அது சாம்பல் அங்கியர் என்ற கற்பனைச் சபையின் கோட்டை. துறவிகளைப் போல் விரதம் பூண்டு, படைவீரர்களைப் போல் வாளேந்தியவர்கள். அப்படிப்பட்ட சபைகள் அந்தக் காலத்தில் உண்மையிலேயே இருந்தன. அவற்றின் கோட்டைகளைப் பற்றித்தான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். இதனால் தமிழ்நாட்டு மாணவனுக்கு என்ன பிரயோஜனம் என்று பல்கலைக்கழக வேலைக்கான நேர்காணலில் கேட்டுச் சிரித்தவர் இன்று துணைவேந்தர். நான் இங்கே வரலாற்று ஆலோசகர்.

நான் சொல்லச் சொல்ல அந்தக் கோட்டையைக் கட்டியவள் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. நான்கு வருடம் அதற்கு உழைத்தாள். போன நவம்பரில் இறந்துபோனாள். புற்றுநோய்.

கேம் முடிந்ததும் பெயர்ப் பட்டியல் ஓடும். காபி போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் காபி ஆறிவிடும், பட்டியல் முடியாது. கேண்டீன் எடுத்தவரின் பெயர் இருக்கிறது. வேலை நடந்த காலத்தில் ஊழியர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்கள் தனியாக, பூப்போட்டு வருகின்றன. யாரோ ஒருவரின் நாய்க்குட்டிகூட இருக்கிறது. செண்பகவல்லி இல்லை. வெளியீட்டு நாளில் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் பெயர் என்பது இந்தத் தொழிலின் வழக்கம். நடுவில் போனவர்கள் போனவர்கள்தான். எப்படிப் போனார்கள் என்று வழக்கம் பார்ப்பதில்லை.

என் பெயர் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக என் பெயரை அச்சில் பார்ப்பதுபோல் பார்த்தேன். பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்ததில் அது ஓடிப்போய்விட்டது.

அன்றே ஹெச்.ஆரிடம் போய்க் கேட்டேன். குடும்பத்தினர் எழுதிக் கொடுத்தால் பரிசீலிப்பார்களாம். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும் சார்?" என்றாள் அந்தப் பெண், படிவத்தில் நிரப்புவதற்காக. திரும்பி வந்துவிட்டேன்.

இன்று ஏன் எழுதத் தொடங்கினேன் என்றால், வெளிநாட்டிலிருந்து மெயில் வந்திருக்கிறது. மோன் ஒரேலின் தெற்குக் கோபுரத்தில் படிக்கட்டு தப்பாக இருக்கிறதாம். யார் ஒப்புதல் கொடுத்தது என்று கேட்கிறார்கள்.

நான்தான் கொடுத்தேன்.


ஜூன் 6, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. வேலைக்காரம்மா வரவில்லை. சட்டைகளை நானே தேய்த்தேன், ஒன்று கருகிவிட்டது.

படிக்கட்டு விஷயத்தை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். கோட்டைகளின் சுழல் படிக்கட்டு பெரும்பாலும் வலஞ்சுழியாக ஏறும். ஏறி வருபவனின் வலக்கைப் பக்கம் நடுத்தூண் வந்துவிடுவதால் அவனால் வாளை வீச முடியாது. மேலே நின்று தடுப்பவனின் வலக்கைக்கோ வெளிச்சுவர்ப் பக்கம் தாராளமாக இடம் இருக்கும். இதற்காகவே அப்படிக் கட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விளக்கம். ஆய்வாளர்களுக்குள் அதில் சண்டை உண்டு. இடஞ்சுழியாக ஏறும் படிக்கட்டுகளும் இருந்திருக்கின்றன. என் ஆய்வேட்டில் அதற்கென்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. நெறியாளர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. செண்பகம் படித்தாள். பஸ்ஸில் வரும்போது படித்தேன் என்றாள்.

படித்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள். "டாக்டரே, உங்க சாமியாருங்க எல்லாருமே சோத்துக்கைதானா? நொட்டாங்கைக்காரன் ஒருத்தன்கூடவா சன்னியாசம் வாங்கல?"

இருந்திருப்பான், ஆனால் ஆதாரம் இல்லை என்றேன். ஆதாரம் இல்லாததைச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

"ஆதாரம் நான் இருக்கேன்ல" என்றாள்.

அவள் இடக்கைக்காரி. வரைவது, எழுதுவது, மவுஸ் பிடிப்பது எல்லாம் இடக்கையில். சாப்பாடு மட்டும் வலக்கையில். யாரோ கொடுத்த கையை இரவல் வாங்கிச் சாப்பிடுவதுபோல் மெதுவாகச் சாப்பிடுவாள். அவள் முடிக்கும்வரை காலி டப்பாவோடு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அவசரமான வேலை அப்போது எதுவும் இருக்காது.

தெற்குக் கோபுரத்தின் காவலனுக்கு அன்செல் என்று அவளே பெயர் வைத்தாள். அவன் இடக்கையால் வாள் பிடிப்பவன். அவனுக்காகப் படிக்கட்டை இடஞ்சுழியாகத் திருப்பினாள். திருடன் கோட்டை முழுக்க எல்லோரையும் வென்று வருவான். இந்தப் படியில் மட்டும் அன்செலின் வீச்சுக்கு ஈடு கொடுக்க முடியாமல் திணறுவான். "ஒரு எடத்துலயாவது ஜெயிக்கட்டும் டாக்டரே" என்றாள். நான் ஒப்புதல் கொடுத்தேன். வரலாற்றில் இடமிருந்தது.

அவள் விடுப்பில் போன பிறகுதான் அது நடந்தது. காவலர்கள் வாள் வீசும் அசைவுகளைச் செய்வது வேறு நாட்டிலிருக்கும் வேறு டீம். கேம் முழுக்க எல்லாக் காவலருக்கும் ஒரே அசைவு, ஒரே வலக்கை. அன்செலுக்கும் அதையே மாட்டிவிட்டார்கள். படிக்கட்டு அவனுக்காகத் திருப்பியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இப்போது அவன் வலக்கையால் வாளை வீசுகிறான், ஒவ்வொரு தடவையும் அது நடுத்தூணில் போய் இடிக்கிறது. திருடன் சாவகாசமாக ஏறி வந்து அவனைக் குத்துகிறான். ஒருவன் அதை வீடியோ போட்டிருக்கிறான். தூணோடு சண்டை போடும் சாமியார் என்று உலகமே சிரிக்கிறது.


ஜூன் 8, வியாழன்

மீட்டிங். எங்கள் தலைவர் ரகோத்தமன் வீடியோவைப் பெரிய திரையில் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஜாபர் என்னிடம் சாய்ந்து, "டாக்டர், உங்க கோட்டைக்கு வாஸ்து சரியில்லையாம்" என்றான். அவன் செண்பகத்தோடு பத்து வருடம் வேலை பார்த்தவன். சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அன்செலின் கையை மாற்றுங்கள், படிக்கட்டைத் தொடாதீர்கள் என்றேன். ஆதாரங்களைச் சொன்னேன். ரகோத்தமன் பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமையாகக் கேட்டால் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். காவலனின் கையை மாற்றினால் அசைவு, சண்டை எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டுமாம். படிக்கட்டைக் கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டிப்போட ஒரு கட்டளை போதும். மாத முடிவு அப்டேட்டில் போய்விடும்.

செண்பகம் யோசித்துச் செய்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் அவள் பெயரை அங்கே சொல்லவில்லை.


ஜூன் 9, வெள்ளி

பால் திரிந்துவிட்டது. அலுவலகம் போகவில்லை.


ஜூன் 12, திங்கள்

ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு முறை போனேன். அலுவலகத்திலிருந்து வேன் வைத்துக் கும்பலாகப் போனோம். ஹார்லிக்ஸ், ஆரஞ்சுப்பழம். நான் கதவோரமாக நின்றேன். வலக்கையில் ஊசி ஏற்றியிருந்ததால் அவள் இடக்கையால் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் மாமியார். கணவர் வேலுச்சாமி தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கையால் சாப்பிடாதே என்று யாரும் சொல்லவில்லை. அவள் எல்லோரிடமும் பேசினாள். கடைசியில் என்னைப் பார்த்து, சட்னியில் தோய்ந்த அந்தக் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். பார்த்தீர்களா என்பதுபோல.

மற்றவர்கள் சாப்பிட்டதைச் சொல்கிறாள் என்று நினைத்து, நல்லாச் சாப்பிடுங்க மேடம் என்றார்கள்.

தனியாக இன்னொரு முறை போயிருக்கலாம். போவதற்குக் காரணம் எதுவும் இல்லை.


ஜூன் 14, புதன்

வேலுச்சாமி போன் செய்தார். ஜாபரிடம் நம்பர் வாங்கினாராம். செண்பகம் செய்த கோட்டையைப் பார்க்க வேண்டும், தன்னிடம் அதற்கான மெஷின் இல்லை, டாக்டர் சார் வீட்டில் இருக்கிறதாமே என்றார். சனிக்கிழமை வரச் சொன்னேன்.

அந்த மனிதர்மேல் எனக்குப் பல நாளாக ஒரு கசப்பு. காரணம் எழுதும் அளவுக்கு இல்லை. மின்வாரியத்தில் பொறியாளர். செண்பகத்தின் டிபன் டப்பாவில் தினமும் எலுமிச்சை சாதம் வைத்து அனுப்பியவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. சுமாரான எலுமிச்சை சாதம்.


ஜூன் 17, சனி

காலையில் வந்தார். வாழைப்பழம் ஒரு சீப்பு. வீட்டைச் சுற்றிப் பார்த்து, "தனியாத்தான் இருக்கியளா சார்?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை, அந்த நாகரிகம் இருந்தது.

கண்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். முற்றத்தில் நுழைந்த உடனேயே செத்தார். மறுபடி செத்தார். கிணற்றில் விழுந்தார். "நமக்குக் கம்பத்துல ஏறத்தான் தெரியும் சார்" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் தந்துவிட்டார். காவலர்கள் இல்லாத வழியாக நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தொழுவம், சிற்றாலயம், துறவிகள் வாய்பேசாமல் சாப்பிடும் கூடம்.

சமையல்கட்டில் நிற்கச் சொன்னார். திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"இந்த அடுப்புமேடை எவ்வளவு தாழ்வா இருக்கு பாத்தீங்களா? எங்க வீட்ல ஒசரமா இருக்கு, தோள்பட்டை வலிக்குன்னு சொல்லிட்டே இருந்தா. இடிச்சுக் கட்டித் தாரேன்னு நானும் சொல்லிட்டே இருந்தேன்."

எனக்கு அது தெரியாது. அந்த மேடையின் உயரத்தை நான் நூலைப் புரட்டிப் பார்த்துச் சரி என்று ஒப்புதல் கொடுத்திருந்தேன். அந்தக் கோட்டையில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

பிறகு தெற்குக் கோபுரம். அன்செல் வாளைத் தூணில் இடித்தான். வேலுச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் இப்படிச் செய்கிறான் என்று கேட்டார். சொன்னேன். அவன் இடக்கைக்காரனாக இருந்திருக்க வேண்டும், அவனுக்காகத்தான் இந்தப் படி இப்படித் திரும்புகிறது, அவன் ஒருவனாவது ஜெயிக்க வேண்டும் என்று செண்பகவல்லி மேடம் விரும்பினார்கள் என்றேன். மேடம் என்றுதான் சொன்னேன்.

திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"நொட்டாங்கையால பரிமாறுனா வெளங்காதும்பாக எங்கம்மா. கல்யாணமான புதுசுல, விருந்தாளுக இருக்கும்போது சோத்துக்கையால சாம்பார் வாளியைத் தூக்கிக் கால்ல ஊத்திக்கிட்டா. அப்பவும் அம்மாதான் ஏசுனாக. நான் சாப்ட்டுட்டு இருந்தேன். எலையைப் பாத்துச் சாப்ட்டுட்டே இருந்தேன் சார்."

நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்தேன்.

"இதெல்லாம் ஆபீஸ்ல யார்ட்ட சொல்லிருக்கா?"

"டீம்ல எல்லாரும் பேசிக்கிட்டதுதான் சார்" என்றேன்.

"நல்லவேளை" என்றார். "சொல்றதுக்கு ஆள் இருந்திருக்கு."

படிக்கட்டை மாற்றப் போகிறார்கள் என்பதையும் சொன்னேன். தலையை ஆட்டினார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, மறுபடி வரலாமா என்று கேட்டார். வாருங்கள் என்றேன். அவர் போன பிறகு டம்ளர்களைக் கழுவினேன். வாழைப்பழம் நல்ல பழம்தான்.


ஜூன் 20, செவ்வாய்

ரகோத்தமன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு விளக்கம் தேவையாம், அதை விளையாடுபவர்களுக்கும் வெளியிடுவார்களாம். படிக்கட்டு தவறு, இப்போது வேலையில் இல்லாத ஒரு கலைஞரின் கவனக்குறைவால் வந்தது, திருத்திவிட்டோம். கீழே வரலாற்று ஆலோசகர் என்ற முறையில் என் கையெழுத்து. போட்டுக் கொடுத்தால், அதே அப்டேட்டில் பெயர்ப் பட்டியலில் செண்பகவல்லியின் பெயரைச் சேர்க்க அவர் பேசி முடித்துவிட்டார்.

"மார்ச்ல ஹெச்.ஆர்ல கேட்டீங்கன்னு தெரியும் டாக்டர் சார். பேரும் வந்துடும், பிரச்சனையும் முடிஞ்சிடும். அவங்க என்ன, வந்து சண்டையா போடப் போறாங்க?"

ரகோத்தமனை எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. என் முதல் வருடக் குறிப்புகளைத் தன் குறிப்புகளாக அனுப்பியவர். ஆனால் இன்று அவர் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவரைப் பொறுத்தவரை எனக்கு நல்லது செய்கிறார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நாள் முழுக்க யோசித்தேன். பெயர் வந்தால் கேம் இருக்கும்வரை இருக்கும். படிக்கட்டு எப்படியும் போகப் போகிறது. நான் கையெழுத்துப் போட்டாலும் போகும், போடாவிட்டாலும் போகும். கணக்குப் பார்த்தால் போட்டுவிடலாம். போட்டால், அது தப்பு என்று நான் சொன்னதாகிவிடும். மற்ற யார் சொன்னாலும் சரி, நான் சொல்லக் கூடாது.


ஜூன் 21, புதன்

இதில் முடிவெடுக்க நான் யார்? வேலுச்சாமிக்குப் போன் செய்து முழுவதையும் சொன்னேன். பெயர் வேண்டும் என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவளுடைய பையன்கள் இருவருக்கும் காட்டலாம். அப்படிச் சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஏதோ சப்ஸ்டேஷனில் இருந்தார் போல, பின்னால் ஒரே ரீங்காரம்.

"தப்புன்னு சொல்லித்தான் பேரு வரணும்னா வேண்டாம் சார். வீட்லயே அவளை நெறையத் தப்புன்னு சொல்லியாச்சு."

சரி என்றேன். போனை வைத்த பிறகும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.


ஜூன் 22, வியாழன்

மறுத்துவிட்டேன். ரகோத்தமன் ஆச்சரியப்படவில்லை. விளக்கம் என் கையெழுத்து இல்லாமலே போகும். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றிப் பிறகு பேசலாம் என்றார். பேசமாட்டார்.


ஜூன் 29, வியாழன்

அப்டேட் வந்துவிட்டது. ஜாபர்தான் புரட்டியிருக்கிறான், அவனுக்கு வந்த வேலை. மதியம் என் மேஜைக்கு வந்து நின்றான். ஏதாவது ஜோக் சொல்வான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. பெட்டியில் மீதமிருந்த முறுக்கை வைத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் போட்டுப் பார்த்தேன். படி வலஞ்சுழியாக ஏறுகிறது. அன்செலின் வாள் எங்கும் இடிக்கவில்லை. நன்றாகச் சண்டை போடுகிறான். யாரும் இனிமேல் சிரிக்கமாட்டார்கள்.

வெளிச்சுவரில், தோளுக்குக் கீழே, கல் வழவழப்பாகத் தேய்ந்து ஒரு தடம் மேலிருந்து கீழ்வரை போகிறது. அன்செல் வருடக்கணக்காக இறங்கும்போது இடக்கையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்ததால் உண்டான தேய்வு. விளையாடும் ஒருவனும் கவனிக்கமாட்டான், எதற்கு இவ்வளவு நேரம் செலவழிக்கிறாய் என்று நான் அவளைக் கடிந்துகொண்டதுண்டு. தடம் இன்னும் இருக்கிறது. கல்லுக்குக் கல் அப்படியே புரண்டிருக்கிறது. இறங்கி வந்து பார்த்தேன். இப்போது அது வலக்கையின் பக்கம்.

அவளை இங்கேயும் கை மாற்ற வைத்துவிட்டார்கள்.

இந்தப் படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். வேறு எங்கு போவது என்று தெரியவில்லை.


ஜூலை 1, சனி

காலையில் உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதி முடித்தேன். இந்த நாட்குறிப்பு இங்கேயே கிடக்கட்டும். அந்தக் குறிப்பு வேறு, கேம் ஆடும் நம் பிள்ளைகள் தமிழில் பேசிக்கொள்ளும் பக்கம் ஒன்று இருக்கிறது, அதில் போடுவதற்கு.

மோன் ஒரேல் கோட்டையைக் கட்டியவர் செண்பகவல்லி வேலுச்சாமி. தெற்குக் கோபுரத்தின் படிக்கட்டு அவருடைய கவனக்குறைவு இல்லை, கவனம். அவர் இடக்கைக்காரர். அந்தப் படியைக் காக்கும் காவலனும் இடக்கைக்காரன். படிக்கட்டு சரியாகத்தான் இருந்தது, வாளைத் தப்பான கையில் கொடுத்தது வேறு ஆட்கள். பழைய படி இப்படி இருந்தது என்று படமும் சேர்த்திருக்கிறேன். சமையல்கட்டில் அடுப்புமேடை ஏன் தாழ்வாக இருக்கிறது என்பதையும் எழுதினேன்.

துணைவேந்தரைப் பற்றியும் ரகோத்தமனைப் பற்றியும் எழுதியிருந்த பத்திகளை அடித்துவிட்டேன். குறிப்பு பாதியாகச் சுருங்கிவிட்டது.

கீழே என் பெயரைப் போட்டேன். முனைவர் என்று முன்னால், வரலாற்று ஆலோசகர் என்று பின்னால். என் பெயருக்காக நான் போடாத சண்டை இல்லை. போட்டுவிட்டு, வேலுச்சாமி படிப்பதுபோல் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். போனில்தான் படிப்பார். பையன்களைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். அவருடைய அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். கடைசி வரி வரைக்கும் அது அவர் மனைவியைப் பற்றியது. கடைசி வரியில் ஒரு ஆணின் பெயர் வரும். அங்கே அவர் வாசிப்பது நின்றுபோகும். டீமில் எல்லோரும் பேசிக்கொண்டது என்று அந்தச் சனிக்கிழமை நான் சொன்னதை நினைத்துப் பார்ப்பார்.

நிற்கக் கூடாது. பையன்களுக்கு முன்னால் அவர் அதைத் தடையில்லாமல் படித்து முடிக்க வேண்டும்.

பெயரை எடுத்துவிட்டேன். கையெழுத்து இல்லாமல் போடுகிறேன்.